பின்சக்கர ஹப்பும் இரண்டு 15 நம்பர் கோன் ஸ்பேனரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வத்தல்மலை அடிவாரம் வரை சைக்கிளில் போய்விட்டு வந்தேன். பின்சக்கரத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இதற்கு மூன்று வாரமும் 1,580 ரூபாயும் ஆகியிருக்கின்றன. கடையில் விட்டிருந்தால் 200 ரூபாய்க்கு ஓவராயில் முடிந்திருக்கும். விடாமலும் இல்லை, போன வருடம் விட்டேன். இரண்டே மாதத்தில் சக்கரம் மறுபடி ஆடியது. திரும்பக் கொண்டுபோனால் கோனை (அச்சில் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டு) இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தார்கள், சக்கரம் சுற்றவே அழுதது. அதற்கு அப்புறம்தான் நாமே பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று வந்தது.

வண்டி ஏழு கியர், வி-பிரேக், பின்னால் குயிக் ரிலீஸ், அதாவது கைப்பிடியை மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் கம்பி. வாங்கி ஆறு வருடம். தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளிக்குத் தினமும் இதில்தான் வேலைக்குப் போகிறேன். புரட்டாசி மழையில் ஒருநாள் சேறாகி வந்ததை பைக் வாட்டர் சர்வீஸில் விட்டு, அழுத்தத் தண்ணீரை, அச்சும் குண்டுகளும் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பு மேலேயே பிடிக்கச் சொன்னது நான்தான். சேறு போனது. உள்ளே இருந்த கிரீஸும் போயிருக்கிறது. ஒரு வாரத்தில் நறநறவென்று ஆரம்பித்தது. சக்கரத்தைக் கழற்றி அச்சை இரண்டு விரலில் பிடித்துச் சுற்றினால், கல் உப்பை அம்மியில் அரைப்பது போல விரல் நுனிக்குத் தெரிந்தது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் டொக் டொக்.

கருவி வாங்கும் விஷயத்தில்தான் முதல் சறுக்கல். 1,900 ரூபாய்க்குப் பெட்டியோடு ஒரு கிட் பார்த்தேன். செயின் கட்டர், கிராங்க் புல்லர், ஸ்போக் சாவி, இன்னும் என்னென்னவோ. பின் ஹப்புக்கு அதில் தேவைப்படுவது இரண்டே உருப்படி. சரி, தனித்தனியாக வாங்கலாம் என்று முடிவு செய்தேன். முடிவு சரிதான், வாங்கினதுதான் தப்பு. பல் சக்கரத் தொகுதியைக் கழற்ற ஒரு ரிமூவர் வேண்டும். படத்தைப் பார்த்து 220 ரூபாய்க்கு ஒன்று வரவழைத்தேன். வட்டமான எஃகு, சுற்றிலும் பன்னிரண்டு பல். என் வண்டியின் பல் சக்கரத் தொகுதி நடுவில் இருக்கும் காடியிலும் பன்னிரண்டுதான். வைத்தால் விளிம்பில் உட்காருகிறது, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. பெயின்ட் தடுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து சுத்தியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன். காடியின் வாய் லேசாக நசுங்கினதுதான் மிச்சம்.

நான் வாங்கியது கேசட்டுக்கான ரிமூவர். என் வண்டியில் இருப்பது ஃப்ரீவீல். இரண்டும் பின்சக்கரப் பல் சக்கரத் தொகுதிதான்: கேசட் ஹப்பில் செருகிப் பூட்டுவது, ஃப்ரீவீல் ஹப்பின் மரையில் திருகி ஏற்றுவது. இரண்டு கருவிக்கும் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது, அந்தக் கொஞ்சத்தில்தான் உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது. எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது, ஒரு நிமிட வேலை. சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பல் சக்கரங்களைப் பின்பக்கமாகக் கடகடவென்று சுற்ற வேண்டும். ரிமூவர் உட்காரும் காடியும் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி, காடி அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். இதை வாங்குவதற்கு முன்னால் செய்திருந்தால் 220 ரூபாய் மிச்சம். கேசட்டாக இருந்தால் பற்களைப் பிடித்துக்கொள்ள செயின் விப் என்று இன்னொன்றும் வேண்டும். ஃப்ரீவீலுக்கு அது தேவையில்லை.

சரியான ரிமூவர் 210 ரூபாய். இந்த முறை சுவரின் தடிமனையும் கேட்டு வாங்கினேன். அச்சின் மேலிருக்கும் நட்டைத் தாண்டி அது உள்ளே இறங்க வேண்டும், சுவர் தடியாக இருந்தால் நட்டில் இடித்து நின்றுவிடும்.

ஃப்ரீவீல் எளிதில் கழலாது. ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் இறுக்கிக்கொண்டே இருக்கிறது, ஆறு வருட மிதி. வீட்டில் 12 அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பேனரோடு தொங்கிப் பார்த்தேன், சக்கரம்தான் நழுவியது. கடைசியில் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிமூவரைப் பல் மேலே பார்க்க வைஸில் கடித்துவிட்டு, சக்கரத்தை அதன்மேல் கவிழ்த்து உட்கார வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாக, பஸ் டிரைவர் ஸ்டியரிங் ஒடிக்கிற மாதிரி ஒரே திருப்பு. டக். அவ்வளவுதான். ஸ்பேனரின் கைப்பிடி ஒரு அடி, ரிம்மின் குறுக்களவு இரண்டு அடி, அதிலும் இரண்டு கை. ரிமூவர் நழுவாமல் இருக்க குயிக் ரிலீஸ் கம்பியால் லேசாகப் பிடித்து வைத்திருந்தேன். டக் என்றதும் அதைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் கழன்று வரும் ஃப்ரீவீல் அந்தக் கம்பியை இழுத்து முறுக்கும்.

அடுத்தது கோன். ஹப்பின் இரண்டு பக்கமும் அச்சில் ஒரு கோன், அதை நகராமல் பிடிக்க ஒரு லாக் நட். நட்டுக்கு 17 நம்பர், சாதா ஸ்பேனரே போதும். கோனில் ஸ்பேனர் பிடிக்கும் இடம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதற்கு மெல்லிய 15 நம்பர் வேண்டும். இதற்குப் போய் எதற்குத் தனியாகக் காசு என்று, பழைய இரும்புக் கடையில் 60 ரூபாய்க்கு இரண்டு 15 நம்பர் ஸ்பேனர் எடுத்து, அதே பட்டறையில் கிரைண்டரில் கொடுத்துத் தேய்த்தேன். லேத்துக்காரர் வேறு வேலையாக இருந்தார், நானே தேய்த்தேன். தண்ணீரில் தோய்க்காமல் ஒரே மூச்சில். பத்து நிமிடத்தில் 2 மி.மீ. வந்துவிட்டது, பெருமையாகக் காட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நுனியில நீலம் பாய்ஞ்சிருச்சு பாரு தம்பி. சூட்டுல பதம் போயிருச்சு. இதை வச்சு இறுக்கினா வாய் விரியும்.”

“கொஞ்சம்தானேங்கண்ணா இறுக்கப் போறேன்.”

“போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தேன். இடப்பக்க லாக் நட்டைத் தளர்த்தும்போதே வாய் விரிந்து, கோனின் ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கிவிட்டு நழுவியது. அந்த இரண்டு ஸ்பேனரும் இப்போது மொட்டை மாடிக் கொடிக்கம்பியை முறுக்கி வைக்கப் பயன்படுகின்றன.

அப்புறம் கோன் ஸ்பேனர் வாங்கினேன். இங்கேதான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. செட்டாக வாங்கினால் 13, 14, 15, 16 என்று ஒவ்வொரு அளவிலும் ஒன்றுதான் வரும். பின் ஹப்பில் இரண்டு கோனுமே 15. ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர் கையில் இருந்தால், டைட்டாகிவிட்ட ஹப்பை மறுபடி பிரிக்காமலே சரிசெய்யலாம். இரண்டு பக்கக் கோனிலும் ஒவ்வொன்றைப் போட்டு, இரண்டையும் எதிரெதிராக, தளரும் பக்கமாக ஒரு நெம்பு. கோன்கள் லாக் நட்டோடு முட்டிக்கொண்டே ஒரு மயிரிழை பின்வாங்கும். ஒரே ஸ்பேனரை வைத்துக்கொண்டு இது நடக்காது. அதனால் செட்டை விட்டுவிட்டு 15 நம்பர் மட்டும் இரண்டு எடுத்தேன், ஒன்று 190 ரூபாய். முன் ஹப்பைப் பிரிக்கும்போது 13 வாங்கிக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது கீழே பழைய சாக்கு, அதன்மேல் அம்மாவின் டிபன் தட்டு. கழற்றுகிற வரிசையிலேயே நட், வாஷர், ஸ்பேசர், கோன் எல்லாவற்றையும் ஒரு கட்டுக்கம்பியில் கோத்து வைத்தேன். எந்தப் பக்கம் எது என்று குழம்பாது. பிரிப்பதற்கு முன்னால் அச்சு இரண்டு பக்கமும் லாக் நட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வெர்னியரில் அளந்து சுவரில் எழுதினேன்: இரண்டு பக்கமும் 5 மி.மீ. நட்டுக்கு நட்டு 135. வெர்னியர் 280 ரூபாய், பிளாஸ்டிக்தான். ஆடம்பரம் என்று நினைத்துத்தான் வாங்கினேன், கடைசியில் அதைத்தான் அதிகம் கையில் எடுத்தேன்.

அச்சை உருவினதும் கடைக்காரர் வேலையின் கதை தெரிந்துவிட்டது. இடப்பக்கக் கப்பில் (ஹப்புக்குள் குண்டுகள் உட்காரும் கிண்ணம்) இருந்த கிரீஸ் மழைத் தண்ணீர் கலந்து காப்பிக் கலரில் இருந்தாலும் புதுசு. வலப்பக்கம், ஃப்ரீவீலுக்குப் பின்னால், தார் மாதிரிக் கறுத்துக் காய்ந்து கிடந்தது. ஃப்ரீவீலைக் கழற்றாமல் இடப்பக்கத்தை மட்டும் திறந்து, தடவி, மூடியிருக்கிறார்கள். குண்டுகளை எண்ணினேன். இடப்பக்கம் 9, வலப்பக்கம் 8. ஒன்பதாவது நான் தொலைத்ததா, முன்பே இல்லையா என்று சாக்கை உதறி, திண்ணையைத் தடவி, அரை மணி நேரம். மறுநாள் காலை அம்மா முறத்தில் குப்பையை அள்ளிவிட்டு, “இந்தாடா, உன் முத்து” என்று கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய் தேடி அலையவில்லை. எதிர்வீட்டு டிராக்டரிலிருந்து ஒரு டம்ளர் டீசல், பழைய பல் தேய்க்கும் பிரஷ், பனியன் வேஸ்ட். துடைத்துப் பார்த்தால் இரண்டு கப்பும் கண்ணாடி மாதிரி இருந்தன, நல்லவேளை. வலப்பக்கக் கோனில்தான் கோளாறு. குண்டு ஓடும் தடத்தில் ஓரிடத்தில் மட்டும் நாலைந்து சின்னக் குழி, அம்மைத் தழும்பு மாதிரி. பால் பாயின்ட் பேனாவின் நுனியைத் தடத்தில் வைத்து இழுத்தால் அந்த இடத்தில் தடுக்கியது. கண்ணுக்குப் படாத குழியும் பேனா நுனிக்குப் படும்.

குழி ஒரே பக்கத்தில் ஏன் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பின் ஹப்புக்கு கால் அங்குலக் குண்டு, அதாவது 6.35 மி.மீ., பக்கத்துக்கு ஒன்பது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்ரஸ் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் கிடைத்தது. வாங்கும்போதே வெர்னியரில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், 6 மி.மீ. குண்டும் அதே டப்பாக்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். பழைய குண்டில் நல்லதைப் பொறுக்கிப் புதுசோடு கலக்கவும் கூடாது, பெரிதாக இருப்பவைதான் பாரம் முழுவதையும் சுமக்கும். கப்பில் ஏ.பி.3 கிரீஸை (50 ரூபாய்க்கு வாங்கியதில் பாதிகூடச் செலவாகவில்லை) தாராளமாகப் பூசி ஒன்பதையும் பதித்ததும், இன்னொன்றும் நுழையும் போல ஓர் இடைவெளி கண்ணைக் கவரும். நுழைக்க வேண்டாம். பத்தாவது குண்டைத் திணித்தால் கோன் உட்காரும்போது ஒன்றையொன்று நெருக்கி மேலே ஏறிக்கொள்ளும்.

மூடிவிட்டு டியூனிங் தொடங்கினேன். வலப்பக்கக் கோனை லாக் நட்டோடு நன்றாகக் கட்டிவிட வேண்டும், ஃப்ரீவீல் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் கை போகாது. சரிசெய்வது எல்லாம் இடப்பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க அதில் போனது. ஆட்டத்தை எடுத்தால் டைட். டைட்டை விட்டால் ஆட்டம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டுமே, இல்லை. ஞாயிறும் அப்படியே. அச்சை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினபோதுதான் கவனித்தேன்: பாதிச் சுற்றில் லேசாக இருக்கிறது, அடுத்த பாதியில் இறுகுகிறது.

எங்கள் பக்கத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சின ஒரு துண்டு கொல்லையில் கிடந்தது. பாலிஷ் பக்கத்தைத் துடைத்து, அச்சைத் தனியாக அதன்மேல் உருட்டி, பின்னாலிருந்து மொபைல் டார்ச்சை அடித்தேன். ஒரு முனைக்கு அடியில் வெளிச்சக் கோடு வருகிறது, மறைகிறது, வருகிறது. பைக் மெக்கானிக்கிடம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கடன் வாங்கி நுழைத்தால் 0.3 மி.மீ. தகடு தாராளமாகப் போனது. அச்சு வளைந்திருக்கிறது. வளைவு ஆரம்பிப்பது வலப்பக்கக் கோனுக்குச் சற்று வெளியே.

காரணமும் அங்கேயே இருக்கிறது. ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து ஃபிரேம் வரை நாலு சென்டிமீட்டர் போல அச்சு தாங்கலே இல்லாமல் நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் என் எடையும், கேரியரில் கட்டின அரிசி மூட்டையும் அந்த நாலு சென்டிமீட்டரில்தான் விழுந்திருக்கின்றன. கோனில் ஒரே பக்கம் குழி விழுந்ததும் அதனால்தான். போன வருடம் கடையில் எவ்வளவு இறுக்கியும் நிற்காததும் அதனால்தான். என்னைப் போலவே அவரும் கோனோடு மல்லுக்கட்டியிருக்கிறார், பாவம்.

வளைந்த அச்சைத் தட்டி நிமிர்த்தலாமா என்று லேத்துக்காரரிடம் கேட்டேன். உள்ளே ஓட்டை உள்ள அச்சு, தட்டினால் விரிசல் விடும் என்றார். நம்மூர்க் கடைகளில் இருப்பது எல்லாம் நட் போட்டு இறுக்கும் கெட்டி அச்சு. குயிக் ரிலீஸுக்கான 10 மி.மீ. குழாய் அச்சு கிடைக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான் சனிக்கிழமை ஊருக்கு வரும்போது கோன், நட்டோடு 145 நீளத்தில் ஒரு செட் வாங்கி வந்தார், 320 ரூபாய். நீளத்தை எழுதிக் கொடுத்ததால் ஒரே தடவையில் சரியாக வந்தது. நீளம் கூடிப்போய் முனை ஃபிரேமுக்கு வெளியே துருத்தினால் குயிக் ரிலீஸ் பிடிக்காது. வந்த அச்சையும் முதலில் கிரானைட்டில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.

புது அச்சில் டியூனிங் இருபது நிமிடத்தில் வந்தது. வண்டியில் மாட்டி குயிக் ரிலீஸை மடக்கினேன், மறுபடி டைட். வளைவு இல்லை, இது வேறு. குயிக் ரிலீஸ் இறுகும்போது அந்தக் குழாய் அச்சை ஒரு மயிரிழை அமுக்கிவிடுகிறது, கோன் இரண்டும் உள்ளே நெருங்குகின்றன. அதனால் வெளியே வைத்துப் பார்க்கும்போது லேசான ஆட்டம் விட்டிருக்க வேண்டும், மடக்கினதும் அது மறைய வேண்டும். எவ்வளவு என்று தெரிய ஒவ்வொரு தடவையும் வண்டியில் மாட்டிக் கழற்றினால் இடுப்பு போய்விடும். லேத்துக்காரர் 12 மி.மீ. வாஷர் ஆறு கொடுத்தார். அச்சு முனையில் பக்கத்துக்கு மூன்று கோத்து, கம்பியிலிருக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, குயிக் ரிலீஸை வாஷர்களின் மேலேயே மடக்கினேன். ஃபிரேம் இல்லாமலே ஃபிரேமில் இருக்கிற நிலை. இந்த மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு கோன் 1 மி.மீ. நகரும். கடிகாரக் கணக்கில் ஐந்து நிமிடம் திருப்பினால் 0.08. நான் இரண்டு நிமிடம், ஒரு நிமிடம் என்று நகர்த்தினேன். ஆறாவது முயற்சியில் கொஞ்சம் டைட்டாகிவிட, இரண்டு கோன் ஸ்பேனரையும் போட்டு எதிரெதிராக ஒரு நெம்பு. சரியாக வந்து நின்றது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கடைசியில் டியூப் வால்வின் கனத்தில் முன்னும் பின்னும் ஊசலாடித்தான் ஓய்ந்தது.

ஃப்ரீவீலை ஏற்றும் முன் ஹப்பின் மரையில் கிரீஸ் தடவினேன், அடுத்த தடவை கழல வேண்டுமே. மரை மிகப் பொடி, ஹப்போ அலுமினியம். முதலில் தளரும் பக்கமாகத் திருப்பி, ஒரு சின்ன க்ளிக் கேட்டதும் கையாலேயே ஏற்ற வேண்டும். ஸ்பேனரைத் தொடவே கூடாது, மிச்சத்தை மிதியே இறுக்கிவிடும்.

1,580 ரூபாயில் 280 வீண்: கேசட் ரிமூவரும் இரும்புக் கடை ஸ்பேனர்களும். கருவிக்கு 870, சாமானுக்கு 430. இன்னொரு தடவை செய்தால், முதலில் பற்களைப் பின்பக்கம் சுற்றிப் பார்ப்பேன். அச்சை உருவினதும், கழுவுவதற்கு முன்பே கிரானைட்டில் உருட்டுவேன், அந்த இரண்டு சாயங்காலமும் மிச்சமாகும். கோன் ஸ்பேனரின் கைப்பிடிக்குப் பழைய டியூபைச் சுற்றிக்கொள்வேன், மெல்லிய தகடு உள்ளங்கையை அறுக்கிறது. வாட்டர் சர்வீஸ் பக்கம் இனி பைக் மட்டும்தான் போகும்.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண், பிளஸ் ஒன்னில் பள்ளியில் கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அண்ணா, பின்னாடி கடகடங்குது, பாத்துத் தரீங்களா?” ரிமூவரை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன். அந்த ஃப்ரீவீலில் பன்னிரண்டு பல் இல்லை, இரண்டே காடி. வெர்னியரை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.